நீலத் திரை, கறுப்புத் திரை: அடிக்கடி நின்றுபோன ஓர் அலுவலகக் கணினி

பின்னணி

ஈரோடு மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றில் இயங்கும் வரி ஆலோசகர் அலுவலகம் அது. உரிமையாளரும் ஊழியர்கள் இருவரும்தான் ஆட்கள். ஜவுளிக் கடை, நூல் வியாபாரம், மளிகை என்று அறுபதுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகள் அங்கே ஒரே மேசைக் கணினியில் இருந்தன. மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவர அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி செலுத்தும் சுருக்க அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் அபராதம் வாடிக்கையாளர் தலையில் விழும். அந்தக் கணினி ஒரு நாள் படுத்தால் அலுவலகமே படுத்துவிடும்.

கணினியை 2020இல் வாங்கியிருந்தார்கள். விண்டோஸ் 10, 8 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வட்டு), மின்சாரம் போனால் பேட்டரியில் தாங்கும் 600 விஏ யூபிஎஸ். 2023 டிசம்பரில், வேகம் போதவில்லை என்று வேறொரு நிறுவனத்தின் 8 ஜிபி ராம் ஒன்றைக் கூடுதலாகப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் பழைய இங்க்ஜெட் அச்சுப்பொறியைக் கழித்துவிட்டு லேசர் அச்சுப்பொறி வாங்கினார்கள். இந்த இரண்டு மாற்றங்களையும் இங்கே முதலிலேயே சொல்கிறேன். கணினியைப் பழுது பார்க்க நான் போன அன்று எனக்கு இவற்றை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு முன் நடந்தவை

ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து கணினி எப்போதாவது சட்டென்று அணைந்து தானாகவே மீண்டும் எழுந்தது. கோடைக்காலம், மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று விட்டுவிட்டார்கள். மே மாதத் தொடக்கத்தில், விண்டோஸ் பிழையால் நின்றுபோகும்போது காட்டும் நீலத் திரை வரத் தொடங்கியதும் ஆளைக் கூப்பிட்டார்கள்.

முதலில் வந்தவர் விண்டோஸை ஃபார்மட் செய்து புதிதாக நிறுவினார். மூன்று நாள் அமைதி. நான்காம் நாள் மறுபடியும் நீலம். இரண்டாவதாக வந்தவர் இன்னும் கவனமாகவே வேலை செய்திருக்கிறார். விண்டோஸிலேயே இருக்கும் நினைவகச் சோதனையை ஓட்டிப் பார்த்திருக்கிறார். பிழை ஏதும் வரவில்லை. ராம் இரண்டையும் கழற்றி, தங்கமுலாம் பூசிய முனைகளை ரப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினார். கணினிக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பழுதாக இருக்கலாம் என்று 2,100 ரூபாய்க்குப் புதியது போட்டார். அடுத்த ஆறு நாளில் நீலத் திரை ஒரே ஒரு முறைதான் வந்தது. ஆனால் சட்டென்று அணைவது நிற்கவில்லை. கடைசியில், "மதர்போர்டு போய்விட்டது, புதிய கணினியே வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீலத் திரை கண்டவுடன் ஃபார்மட் போடுவது நம் ஊரில் ஏறத்தாழ வழக்கமாகவே ஆகிவிட்டது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ஆனால் ஃபார்மட் செய்யும்போது, கணினியில் நடப்பதை விண்டோஸ் குறித்து வைக்கும் நிகழ்வுப் பதிவேடும், ஒவ்வொரு நீலத் திரையின்போதும் விண்டோஸ் எழுதி வைக்கும் மினிடம்ப் கோப்புகளும் சேர்ந்தே அழிந்துபோகின்றன. நோயாளி என்றைக்கு எப்படி விழுந்தார் என்ற குறிப்பு அவற்றில்தான் இருக்கிறது. மே மாத முதல் வாரத்துக்கு முந்தைய சாட்சியம் எதுவும் இந்தக் கணினியில் எஞ்சவில்லை.

முதல் நாள்: என் தவறான தடம்

ஜூன் 12 அன்று நான் போனேன். ஜிஎஸ்டிஆர்-3பிக்கு எட்டு நாள் இருந்தது. "மத்தியானத்தில்தான் அதிகமாக நிற்கிறது" என்றார் உரிமையாளர். அலுவலகத்தில் ஏசி இல்லை. கணினிப் பெட்டி (சிபியு) மேசைக்குக் கீழே சுவரோடு ஒட்டி நின்றது. மத்தியானம் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வெப்பம்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். தூசி ஊதி, செயலியின் மேல் காய்ந்து கிடந்த, வெப்பம் கடத்தும் பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவி, செயலிக்கு முழுச் சுமை கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டினேன். உச்ச வெப்பநிலை 71 டிகிரி. அது இந்தச் செயலிக்கு ஆபத்தான அளவில்லை. சோதனையை நிறுத்திவிட்டு, கணினி 50 டிகிரிக்கும் கீழே ஆறியிருந்த நேரத்தில், என் கண்ணெதிரே நீலத் திரை வந்தது.

அரை நாள் வீண். அதைவிடப் பெரிய பிழை, அந்த அரை நாளும் மறுநாள் காலையும் ஊழியர்களை அதே கணினியில் பதிவு போட அனுமதித்தது. அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கோடு போட்ட நோட்டு

மாலையில் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பதிவு செய்யும் பெண் ஊழியர் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணா, இதைப் பார்க்கிறீர்களா?" என்று ஒரு நோட்டை நீட்டினார். கணினி நிற்பதற்கு அவர் ஏதோ தவறாக அழுத்துவதுதான் காரணம் என்ற பேச்சு அலுவலகத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பழி தன்மேல் நிற்கக் கூடாது என்று மே 20 முதல் ஒவ்வொரு தடவையும் குறித்து வைத்திருக்கிறார். தேதி, மணி, அப்போது செய்துகொண்டிருந்த வேலை, கடைசிப் பத்தியில் ஒரே ஒரு சொல்: "நீலம்" அல்லது "கறுப்பு".

மொத்தம் 21 பதிவுகள். நீலம் 13, கறுப்பு 8. கறுப்பு என்று எழுதிய எட்டில் ஏழு இடத்தில் "பிரின்ட் கொடுத்தபோது" என்று இருந்தது. ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: "மானிட்டர் லைட்டும் அணைந்து வந்தது."

அந்த வரியைப் படித்ததும் நான் மீண்டும் உட்கார்ந்துவிட்டேன். நீலத் திரை வரும்போது விண்டோஸ் தானே தடுமாறி நிற்கிறது. மின்சாரம் இருக்கிறது, மானிட்டரின் சிறு விளக்கு எரிகிறது. மானிட்டர் விளக்கே அணைகிறது என்றால் மின்சாரம் சிபியுவுக்கு வெளியிலேயே அறுபடுகிறது. எஸ்எம்பிஎஸ் சிபியுவுக்குள் இருப்பது; அது பழுதானால் மானிட்டர் விளக்கு ஏன் அணைய வேண்டும்? 2,100 ரூபாய் எஸ்எம்பிஎஸ் எதையும் தீர்த்திருக்க முடியாது என்பது அந்த ஒரு வரியிலேயே இருந்தது.

"இதை ஏன் முன்னே வந்தவர்களிடம் காட்டவில்லை?" என்றேன்.

"அவர்கள் சாரிடம்தான் பேசினார்கள் அண்ணா. என்னிடம் யாரும் கேட்கவில்லை."

நானும் அன்று காலையில் அவரைக் கேட்கவில்லை.

பதிவேடு சொன்னது

நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து, 'கர்னல்-பவர் 41' என்ற பதிவுகளை மட்டும் வடிகட்டினேன். முறையாக அணைக்கப்படாமல் கணினி மீண்டும் எழும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் இந்தப் பதிவை எழுதும். பலர் இதைப் பார்த்தவுடன் 'பவர் பழுது' என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். பெயரில் பவர் இருந்தாலும் நீலத் திரைக்குப் பிறகும் இதே 41தான் வரும். உள்ளே விவரப் பகுதியில் 'பக்செக் கோட்' என்று ஓர் எண் இருக்கும். அது பூஜ்யமாக இருந்தால் விண்டோஸ் எதையும் எழுதி வைக்க நேரமில்லாமல் நின்றிருக்கிறது. மின்வெட்டு அல்லது முழு உறைவு. வேறு எண் இருந்தால் அது நீலத் திரை.

மே 20க்குப் பிறகு பதிவேட்டில் 23 நிகழ்வுகள் இருந்தன. எண் உள்ளவை 14, பூஜ்யம் 9. நோட்டில் இருந்த 21உம் நிமிடக் கணக்கில் அவற்றோடு பொருந்தின. மீதி இரண்டும் அந்த ஊழியர் விடுப்பில் இருந்த நாளில் நடந்தவை. அவர் நீலம் என்று எழுதிய ஒவ்வொன்றிலும் எண் இருந்தது. கறுப்பு என்று எழுதிய ஒவ்வொன்றிலும் பூஜ்யம்.

ஆக, எல்லோரும் "சிஸ்டம் நிற்கிறது" என்று ஒரே பெயரில் சொல்லிவந்தது இரண்டு வெவ்வேறு கோளாறுகள். ஒன்றுக்குச் செய்த வைத்தியத்தை மற்றொன்று பொய்யாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ராமைத் தேய்த்துப் போட்டதும் நீலம் குறைந்தபோது, கறுப்பு தொடர்ந்ததால் "ராம் இல்லை" என்று அந்தத் தடத்தையே கைவிட்டிருக்கிறார்கள்.

(விண்டோஸ் 11இல் 2025 முதல் மைக்ரோசாஃப்ட் நீலத் திரையையே கறுப்பாக மாற்றிவிட்டது. இன்று இதே குறிப்பை எழுதச் சொன்னால் நிறத்தைக் கேட்பதைவிட, திரையில் எழுத்து வந்ததா, மானிட்டர் விளக்கு எரிந்ததா என்று கேட்பதுதான் சரி.)

மினிடம்ப் கோப்புகளையும் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு வீட்டில் படித்தேன். நீலத் திரைக்கான காரணத்தைச் சொல்லும் நிறுத்தக் குறிகள் ஒன்றுபோல் இல்லை. 'மெமரி மேனேஜ்மென்ட்' ஐந்து தடவை, 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' நான்கு தடவை, மற்றவை கலந்து கிடந்தன. குற்றவாளி என்று காட்டப்பட்ட டிரைவரும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) ஒவ்வொரு முறையும் வேறு. ஒரு டிரைவர்தான் காரணம் என்றால் பெரும்பாலும் அதே பெயர் திரும்பத் திரும்ப வரும். பெயர்கள் இப்படிச் சிதறினால் முதலில் நினைவகத்தைச் சந்தேகிப்பதே முறை.

கறுப்பின் காரணம்

13ஆம் தேதி காலை மேசைக்கு அடியில் தவழ்ந்து வயர்களைப் பின்தொடர்ந்தேன். யூபிஎஸ்ஸின் பின்புறத்திலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போனது. அதில் சிபியு, மானிட்டர், கூடவே லேசர் அச்சுப்பொறி. இங்க்ஜெட் இருந்த பாயின்ட்டிலேயே லேசரையும் செருகியிருக்கிறார்கள். செருகியவர் மேல் தவறில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலை செய்யும் பெட்டிகள்தான்.

ஆனால் லேசர் அச்சுப்பொறிக்குள் மைத்தூளைக் காகிதத்தில் உருக்கி ஒட்ட ஓர் உருளை சூடாக வேண்டும். அந்தச் சில நொடிகளில் சிறிய அச்சுப்பொறிகூட 800 வாட் அளவுக்கு இழுத்துவிடும். இந்த யூபிஎஸ் தாங்கக்கூடியது 360 வாட். லேசர் அச்சுப்பொறியை யூபிஎஸ்ஸில் செருகக் கூடாது என்று யூபிஎஸ் கையேடுகளில் பொதுவாகவே எழுதியிருக்கும். மேலும், யூபிஎஸ்ஸுக்குள் இருந்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி 2020இல் கணினியோடு வந்ததுதான். இத்தகைய பேட்டரிகள் நம் வெயிலில் மூன்றாண்டு தாண்டினாலே பெரிய விஷயம்.

அச்சுப்பொறி உறக்கத்திலிருந்து எழும்போதுதான் இழுப்பு அதிகம். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் முன் அதை உறங்கவிட்டேன். யூபிஎஸ்ஸிலேயே வைத்து ஆறு முறை பிரின்ட் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் மேலே டியூப்லைட் ஒரு கணம் மங்கியது, யூபிஎஸ்ஸுக்குள் 'டக்' என்று ரிலே விழும் ஒலி கேட்டது. இரண்டு முறை அந்த 'டக்'கைத் தொடர்ந்து ஒரு நீண்ட பீப், மானிட்டர் விளக்கு உட்பட எல்லாம் அணைந்தன. அச்சுப்பொறியை மட்டும் சுவர் பாயின்ட்டுக்கு மாற்றி ஆறு முறை கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. திரும்ப யூபிஎஸ்ஸுக்குக் கொண்டுவந்தேன்; இரண்டாம் முறையே அணைந்தது.

சோதனை எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் நடப்பது புரிந்தது. இழுப்பில் மின்னழுத்தம் சரிகிறது. மின்சாரம் போய்விட்டது என்று எண்ணி யூபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிறது. களைத்த பேட்டரியால் கணினியையும் அச்சுப்பொறியையும் சேர்த்துத் தாங்க முடிவதில்லை. மின்சாரம் அறுந்தால் எஸ்எம்பிஎஸ் 16 மில்லிநொடி அளவுதான் சமாளிக்கும். அதற்கு மேல் எந்த எஸ்எம்பிஎஸ் போட்டாலும் கணினி அணையத்தான் செய்யும். மின்சாரம் திரும்பினால் தானாக இயங்கும்படி பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புகளில்) அமைத்திருந்ததால் உடனே மீண்டும் எழுந்துகொண்டது.

அச்சுப்பொறியைச் சுவர் பாயின்ட்டில் நிரந்தரமாக வைத்தோம். யூபிஎஸ் பேட்டரியை உடனே மாற்றவில்லை, வேண்டுமென்றே. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது தீர்த்தது என்று தெரியாமல் போகும். ஒரு வாரம் கழித்துத்தான் 950 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டோம்.

நீலத்தின் காரணம்

அதே 13ஆம் தேதி மதியம் உரிமையாளரிடம் ஒன்று கேட்டேன்: இந்தக் கணினியில் இனி யாரும் பதிவு போட வேண்டாம், பழைய மடிக்கணினி ஒன்று அலமாரியில் இருக்கிறதே, அதில் வேலை செய்யுங்கள். அவர் முகம் மாறிவிட்டது. "ஏழு நாளில் 3பி இருக்கிறது, நீங்கள் இப்படிச் சொன்னால் எப்படி?" என்றார். அவருடைய நெருக்கடி நியாயமானது. ஆனால் ராம் பழுது என்றால் நீலத் திரை அதன் ஒரு முகம் மட்டுமே. நினைவகத்தில் ஒரு பிட் மாறினால் சில சமயம் விண்டோஸ் விழும். சில சமயம் எதுவும் விழாமல், தவறான தகவல் அப்படியே வட்டில் எழுதப்பட்டுவிடும். கணினி நின்றால் பத்து நிமிடம் போகும். யாருக்கும் தெரியாமல் கணக்கு கெட்டால், அது வெளிப்படும் நாளில் நோட்டீஸ் வந்திருக்கும். இதைச் சொன்ன பிறகு சம்மதித்தார்.

அன்றிரவு மெம்டெஸ்ட்86 என்ற நினைவகச் சோதனை மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து இயக்கி, கதவைப் பூட்டிக்கொண்டு போனோம். காலை எட்டரைக்குத் திறந்தபோது திரையில் சிவப்பு வரிகள். நான்கு சுற்றில் முதல் சுற்று சுத்தம். இரண்டாம் சுற்றிலிருந்து மொத்தம் 17 பிழைகள், எல்லாம் ஒரே பிட்டில். விண்டோஸின் குறுஞ்சோதனையில் இது ஏன் அகப்படவில்லை என்பது அப்போது விளங்கியது. எப்போதாவது தலைகாட்டும் பழுதுக்கு இருபது நிமிடச் சோதனை போதாது.

பிறகு ராமை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். 2020இல் வந்த ராம் தனியாக நான்கு சுற்றும் சுத்தம். 2023இல் போட்ட ராம் தனியாக வைத்தபோது பிழை. அதையே அடுத்த ஸ்லாட்டில் வைத்தபோதும் பிழை. ஸ்லாட் மாறியும் பிழை தொடர்ந்ததால் பழுது ராமில்தான், மதர்போர்டில் இல்லை என்று உறுதியானது. இந்தச் சோதனைகளுக்கு இரண்டு நாள் பிடித்தது. ராமை மட்டும் மாற்றிப் பார்த்திருந்தால் அரை மணி நேரம்தான். ஆனால் மதர்போர்டு போய்விட்டது என்ற பயம் அந்த அலுவலகத்தில் நீங்கியிருக்காது.

பழுதான ராமுக்கு உத்தரவாதம் இருந்தது. வாங்கிய கடையில் பில்லைக் காட்டியதும் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். வர மூன்று வாரம் ஆனது. அதுவரை 8 ஜிபியில், உலாவியில் திறந்து வைக்கும் பக்கங்களைக் குறைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

மத்தியானப் புதிருக்கும் விடை கிடைத்தது. மாலையில் வாடிக்கையாளர் வந்து வாங்கிப் போக வேண்டிய நகல்களை இரண்டு மணிக்கு மேல்தான் பிரின்ட் போடுவார்கள். அந்த நேரத்துக்குள் டேலி (கணக்கு மென்பொருள்), எக்செல், ஜிஎஸ்டி தளத்தின் பக்கங்கள் என்று நினைவகமும் நிரம்பியிருக்கும். பழுதான இடம் பயன்பாட்டுக்கு வரும் வாய்ப்பு அப்போது கூடுதல் என்று கருதுகிறேன். வெயிலுக்கு இதில் பங்கில்லை.

கணக்குகளைச் சரிபார்த்தது

கணினி சரியானதும் வேலை முடிந்தது என்று நாங்கள் எழுந்துவிடவில்லை. மே முதல் எடுத்த காப்புநகல்களை மடிக்கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஜூன் 1ஆம் தேதியது திறக்கவே மறுத்தது. ஒரு நூல் வியாபாரியின் கணக்கு நடப்புக் கோப்பிலேயே சிதைந்திருந்தது. டேலியின் பழுதுநீக்கும் வசதியால் மீட்டபோது நான்கு பதிவுகள் காணாமல் போயிருந்தன. அவற்றில் இரண்டு, ஜூன் 12 மாலையும் 13 காலையும் போட்டவை. நான் வெப்பத்தைத் துரத்திக்கொண்டிருந்தபோது, நிறுத்தச் சொல்லாமல் விட்ட நேரம் அது.

அந்த நான்கும் நீலத்தால் போயினவா கறுப்பால் போயினவா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. காகித பில்களை வைத்து மீண்டும் பதிவு செய்தார்கள். பிறகு ஒவ்வொரு வாடிக்கையாளரின் மே மாத மொத்தத்தையும் ஏற்கெனவே தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1உடனும், கொள்முதலை, விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து ஜிஎஸ்டி தளம் தானாகத் தயாரிக்கும் ஜிஎஸ்டிஆர்-2பியுடனும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஊழியர்களும் இரண்டு இரவு ஒன்பது மணி வரை இருந்து அதை முடித்தார்கள். 3பி 19ஆம் தேதியே தாக்கலாகிவிட்டது.

பின்விளைவு

ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 15 வரை பதிவேட்டைக் கவனித்தேன். இரண்டு மாதத்தில் 41 என்ற பதிவு ஒன்றே ஒன்றுதான். புதிய கணினி வாங்கும் யோசனையைக் கைவிட்டார்கள். எஸ்எஸ்டியின் நலமும் நன்றாகவே இருந்தது. முந்தைய எஸ்எம்பிஎஸ்ஸைத் தேடி எடுத்துச் சோதித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. இப்போது அது உதிரியாக அலமாரியில் இருக்கிறது.

இனி மாற்றிச் செய்பவை

இந்த வேலைக்குப் பிறகு நான் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் கணினியின் முன் உட்காருபவரிடம் பேசுகிறேன். பணம் கொடுப்பவரிடம் பேசுவது அதற்கு அடுத்து. கடந்த ஆறு மாதத்தில் இந்த மேசைக்குப் புதிதாக வந்த பொருள் எது என்று கேட்கிறேன். கணினியோடு தொடர்பில்லாதது போலத் தோன்றினாலும் சொல்லச் சொல்கிறேன். ஃபார்மட் தவிர்க்க முடியாத இடத்தில்கூட நிகழ்வுப் பதிவேட்டையும் மினிடம்ப் கோப்புறையையும் நகல் எடுக்காமல் தொடுவதில்லை. நீலத் திரையில் நினைவகச் சந்தேகம் எழுந்த அந்த மணியிலேயே பதிவு போடுவதை நிறுத்தச் சொல்கிறேன், வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும். முன்பெடுத்த காப்புநகல்களின் மேல் புதியதை எழுதவும் விடுவதில்லை.

அந்த அலுவலகத்தில் கோடு போட்ட நோட்டு இன்னும் இருக்கிறது. இப்போது அது மேசை இழுப்பறைக்குள் இல்லை. யூபிஎஸ்ஸுக்கு மேலே ஆணியில் ஒரு பேனாவோடு தொங்குகிறது. ஆகஸ்டில் நான் போனபோது கடைசியாக இருந்த பதிவு ஜூலை 9, மாலை 5:40: "கறுப்பு. தெருவிலேயே கரண்ட் இல்லை. யூபிஎஸ் 18 நிமிடம் தாங்கியது. சேமித்துவிட்டேன்."